அவருடைய டீயையும் நான்தான் குடித்தேன்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று போனில் கேட்டால், "எழுதுங்க சார், அதுக்கென்ன" என்பார். அவருக்கு அதில் உண்மையிலேயே விருப்பமா, இல்லையா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. அவரிடம் சம்மதம் கேட்பது கிணற்றுக்குள் குரல் கொடுப்பது மாதிரி. நாம் சொன்னதுதான் திரும்பி வரும். ஆகவே கேட்கவில்லை, பெயரும் இல்லை.

மூக்கண்டப்பள்ளியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். நான் முதல் மாடி, அவர் இரண்டாவது. ஒரே கம்பெனி, ஒரே பஸ், பஸ்ஸில் ஒரே சீட். நான் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அவர் பேக்கிங் செக்ஷனில் சூப்பர்வைசர். ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். வேலையை விட்டு ஓசூரைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். பாதி நாட்கள் நிஜமாகவே முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். 'இன்னைக்கு ஓ.டி. பார்க்க முடியுமா?' என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

'வேண்டாம்' என்ற சொல் அவர் வாயில் வராது. அவரைப் பற்றிச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதன் விளைவுகள்.

இப்படிப்பட்ட மனிதர், தலை நரைத்த பிறகு, ஒரு நாள் பால், தயிர், நெய், முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். வீகன் என்கிறார்களே, அது. அந்த வாழ்க்கையில் சமையல் பெரிய கஷ்டமில்லை. அதற்குத்தான் இப்போது அட்டைப்பெட்டியிலும் டப்பாவிலும் எல்லாம் வருகிறதே. விடிந்ததிலிருந்து அடையும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நீந்தத் தெரியாதவர் மீன்பிடிக்கப் போனதுபோல இவர் அதில் இறங்கினார்.

கம்பெனியில் டீ தள்ளுவண்டியில் வரும், அந்த நேரத்துக்கு அவர் ஸ்டோர்ஸுக்கு வந்துவிடுவார். இவர் சிரித்த முகத்தோடு ஒரு கப்பை வாங்கிக்கொள்வார். வண்டி திரும்பியதும் அந்தக் கப் மெதுவாக என் இடது கைக்கு வந்துவிடும். ஒரு வார்த்தை பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். முதல் நாள் அவருக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து வாங்கிக் குடித்தேன். ஒரு வாரம் கழித்து விஷயம் தெரிந்தபோது அது ஏற்பாடாகவே மாறியிருந்தது. எங்கள் பக்கத்தில் புதுவீடு கட்டாதவன் பாவி. மாதம் ஒரு வீட்டில் பால் காய்ச்சுவார்கள். கைராசிக்காரர் என்று இவரை விடியற்காலையிலேயே கூப்பிட்டுவிடுவார்கள், நானும் போவேன். அவர் கிளாஸும் என் கிளாஸும் ஒரே வயிற்றுக்குள் போகும். ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் கொடுக்கும் நெய் ஸ்வீட் பெட்டி, கல்யாணப் பந்தியில் பாயசம், கேன்டீன் தயிர்சாதம் எல்லாம் அப்படித்தான்.

ஒரு நாள் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"

"என்னோடது மூணு டாக்டர்."

"அப்புறம்?"

"இன்னொருத்தரோடது மூணு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்கு சுகர் இருக்கா?"

"இல்லை டாக்டர். அவரோடதும் எனக்குத்தான் இருக்கு."

இதை நான் அவரிடம் சிரிப்பதற்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது. மறுநாளிலிருந்து சர்க்கரை போடாத சோயா பால் டீயை ஒரு பிளாஸ்கில் எனக்காகக் கொண்டுவர ஆரம்பித்தார். தள்ளுவண்டி டீயை வாங்குவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. ஆக வேளைக்கு எனக்கு டீ இரண்டிலிருந்து மூன்றானது. 'வேண்டாம்' என்று நானாவது சொல்லியிருக்கலாம். இந்த வியாதி பக்கத்து சீட்டுக்கும் தொற்றும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சமையல் எல்லாம் அவரேதான். வீட்டில் அடுப்புக்கு இந்தப் பக்கம் பசும்பால், அந்தப் பக்கம் சோயா பால். அவர் மனைவி அலுத்துக்கொள்வார்: "இவரு பாலு குடிக்க மாட்டாருங்க. ஆனா காலையில பால் பாக்கெட்டு வாங்கறதும் இவருதான். இந்தக் கட்டடத்துக்கே வாங்கியாராரு!" அது உண்மை. ஒவ்வொரு வீட்டாரும் 'நமக்கும் ஒண்ணு' என்று ஆரம்பித்து, விடியற்காலையில் பத்துப் பாக்கெட் பாலைக் கூடையில் சுமந்து படியேறி வருகிற ஒரே வீகனாக அவர் இருந்தார்.

அவருக்கு வேண்டிய சாமான்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவோம். என் ஸ்கூட்டர், அவர் பை. அங்கே இருந்த பெண் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே புன்னகைப்பாள்.

"சோயா ஹாலு காலி அண்ணா. பாதாம் ஹாலு பேக்கா?"

பாதாம் பால் வேணுமா என்கிறாள். சோயா இரண்டு பெட்டி வாங்கும் விலைக்கு அது ஒரு பெட்டி. "குடும்மா" என்பார். அடுத்து, கறி இல்லாத கீமா புதிதாக வந்திருக்கிறது, பேக்கா? முந்திரியில் செய்த சீஸ், பேக்கா? வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் எந்தச் சமையலுக்கும் ஒன்றோடு ஒன்று சேராத சாமான்கள் உருளும். அவற்றை எப்படியாவது சேர்த்து ஒரு சாப்பாடு ஆக்கிவிடுவது அவருடைய திறமை. டோஃபுவை உதிர்த்து, மஞ்சள்தூளும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வதக்கினால் முட்டைப் பொரியல் என்று நாக்கு ஏமாறும். மீல்மேக்கரைக் கொதிநீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து, மல்லி வறுத்து அரைத்த குழம்பில் விடுவார். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது, பிழியாமல் போட்டால் பச்சை வாசனை என்பார். அந்தக் கீமாவை எங்கள் வாட்ச்மேனுக்கு ஒரு தடவை சப்பாத்தியோடு கொடுத்தார்.

"கறி மாதிரியேதான் இருக்குது. அப்பிடின்னா கறியே தின்னுடலாமில்ல சார்?"

"ஆமாங்க, தின்னலாம்" என்றார் இவர்.

கொள்கைக்காகச் சண்டை போடுகிற வீகன்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். இவர் எதிர்க்கட்சிக்கும் சேர்த்தே ஓட்டுப் போடுவார். 'ஏன் சார் விட்டீங்க?' என்று கேட்டால், கேட்கிறவருக்கு எது ஏற்குமோ அதைச் சொல்வார். பூசாரியிடம் வேண்டுதல் என்றார். கம்பெனி நர்ஸிடம் ஜீரணம் என்றார். சின்ன வயது இன்ஜினீயர்களிடம் பூமி சூடாகிறது என்றார். கேட்டவர்கள் எல்லோரும் திருப்தியோடு போனார்கள். நான் மட்டும் கேட்டதேயில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பிடித்த காரணத்தைச் சொல்லியிருப்பார், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் டீக்கணக்குக்குப் பரிகாரமாக ஞாயிறு சாயங்காலம் கேக் செய்து கொண்டுவருவார். ஆரம்பகாலக் கேக்குகள் எங்கள் பேக்கிங் செக்ஷனில் பாகங்களுக்கு நடுவே செருகும் பஞ்சுத் தகட்டை ஒத்திருந்தன. அமுக்கினால் மெதுவாகப் பழைய உயரத்துக்கு வரும். என் மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாட்ட விட்டுட்டாரு, கோழிய விட்டுட்டாரு, நம்மள மட்டும் விட மாட்டேங்கறாரே" என்றாள். ஆனால் மனிதர் விடவில்லை. குக்கரின் அடியில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே தட்டை இறக்கி, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். முட்டையும் தயிரும் இல்லாமல் கேக் எழும்பும் ரகசியத்தை ஒரு தடவை எனக்குக் காட்டினார். சோயா பாலில் ஒரு ஸ்பூன் வினிகரை விட்டார். பால் கட்டிகட்டியாகத் திரிந்தது.

"கெட்டுப்போச்சே" என்றேன்.

"இல்ல சார். கேக்குக்கு இது திரியணும். ஆப்பசோடாவோட சேந்து இதுதான் தூக்கும். காபிலதான் திரியக் கூடாது. டிகாஷன் கொதிக்கக் கொதிக்க ஊத்துனா உடனே திரிஞ்சிடும். அத கொஞ்சம் ஆற வெச்சி, பாலச் சூடு பண்ணி, பாலுல டிகாஷன மெதுவா விடணும். அவசரப்பட்டா போச்சி."

அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு இதுதான். அதன்பிறகு கேக்குகள் நன்றாக வர ஆரம்பித்தன. என் மனைவியே டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் மாடிக்குப் போய், அடுத்தது எப்போது என்று தெரிந்துகொண்டு வருவாள்.

அவரைக் கடிந்துகொள்ளும் ஒரே ஆள் அவருடைய மகள். ஓசூரிலேயே இன்னொரு கம்பெனியில் வேலை செய்தாள். கூட வேலை செய்த பையன் ஒருவனைப் பிடித்திருந்தது. பையனின் ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். ஜாதகம், ஜாதி எல்லாம் ஆச்சரியமாக ஒத்துப்போய், அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்தாயிற்று. இனி பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் காபி வைப்பார்கள். பெண்ணின் அப்பா அதைக் குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. யோசனை இருந்தால், 'இன்னொரு நாளைக்கு வர்றோம்' என்று டம்ளரைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். யாரும் யாரையும் மறுத்துப் பேச வேண்டியதில்லை. டம்ளரே பேசிவிடும். அந்தக் குடும்பமோ மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பம்.

"அப்பா, முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடுங்க. அங்க போயி நீங்க குடிக்காம உக்காந்தீங்கன்னா, புடிக்கலேன்னு நெனச்சிக்குவாங்க. அப்பறம் எல்லாம் போச்சி."

"சொல்றேம்மா."

"எப்பச் சொல்லுவீங்க?"

"அவரே பண்ணுவாருல்ல, அப்பச் சொல்லிக்கலாம்."

பையனின் அப்பா இரண்டு முறை போன் செய்தார். இரண்டாவது முறை நான் பக்கத்தில் இருந்தேன். "நம்ம வீட்டு மாட்டுப் பால்ல ஒரு காபி குடிச்சிட்டு அப்பறம் பேச்சுங்க சம்மந்தி" என்று அந்தப் பக்கத்தில் கணீரென்று கேட்டது. "ஆகட்டுங்க" என்றார் இவர்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டிலேயே ஒத்திகை வைத்தாள். ஒரு காலி டம்ளரை எடுத்துவந்து முன்னால் நின்றாள்.

"நான்தான் மாப்பிள்ளையோட அம்மா. காபி குடிங்கண்ணா."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "குடும்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்பா!"

"காலி டம்ளர்தானம்மா."

"காலி டம்ளரக்கூட வேணாங்க வராதா உங்களுக்கு?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவர் அந்தக் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், வழக்கம்போல, நானே ஏற்பாடானேன். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும். என் டம்ளரை மளமளவென்று காலி செய்ய வேண்டும். அவர் உதட்டில் வைத்தது மாதிரி வைத்து இறக்கியதும் டம்ளர்கள் இடம் மாற வேண்டும். திருட்டுத்தனத்தில் எனக்குப் பழக்கமில்லை. குடிப்பதில் இருந்தது.

இரண்டு காரில் போனோம். வாசலில் கறுப்பு வெள்ளை மாடுகள் வரிசையாக நின்றன. பையனின் அப்பா ஒவ்வொன்றையும் எத்தனை ஈற்று என்று சொல்லி அறிமுகம் செய்தார். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். உள்ளே போனதும் என் கணக்கு தப்பியது. கண்ணாடியும் தொப்பையும் பார்த்து என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். "நீங்க சோபாவுல வாங்க சார்" என்று கையைப் பிடித்து எதிர்ச்சுவர் ஓரம் உட்காரவைத்தார்கள். அவர் நடுக்கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், இருபுறமும் மாப்பிள்ளையின் பெரியப்பாக்களோடு. எங்களுக்கு நடுவில் ஒரு ஜமக்காளமும், அது நிறைய ஜனமும்.

காபி வந்தது. எங்களுக்கெல்லாம் தட்டில். அவருக்கு மட்டும் பையனின் அம்மாவே தனியாக ஒரு டம்ளரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றார். எல்லோர் கையிலும் டம்ளர், ஒருவரும் வாய் வைக்கவில்லை. முதல் வாய் அவருடையது.

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அவர் மனைவி சமையலறை வாசலில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடிப்போமே, அப்படி மூச்சை அடக்கி, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது.

பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்து டம்ளருக்குள் பார்த்தார். பிறகு பையனின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"டிகாஷன் கொஞ்சம் ஆறியிருக்கணும்மா" என்றார்.

அந்த அம்மாள் கையைப் பிசைந்தார். "மூணு வாட்டி போட்டேங்கண்ணா, மூணு வாட்டியும் திரிஞ்சி திரிஞ்சி போவுது. உங்க பொண்ணுதான் நேத்து போன் பண்ணிச்சி. எங்கப்பா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நீங்களே சோயாவுல போட்டுக் குடுத்துடுங்கத்தேன்னு சொல்லிச்சி. பையன் ஓசூர்ல இருந்து டப்பா வாங்கியாந்தான். எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது?"

"பாலா திரிஞ்சி போச்சி?" என்றார் மூலையில் இருந்த வயதான அம்மாள் ஒருவர். "நல்ல காரியத்துல பாலு திரியலாமாடி?"

"பாலே இல்லத்தே அது. பயிறு அரைச்ச தண்ணி. பயித்தந்தண்ணிக்கு ஏது சகுனம்?"

கூடம் சிரித்தது. பையனின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "ரெண்டு வாட்டி போன் பண்ணனே சம்மந்தி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" இவர் தலையை ஆட்டிவிட்டு, மீதியிருந்த கட்டிகளையும் சேர்த்துக் குடித்து முடித்தார். எல்லோரும் குடித்தோம். என்னுடையது அசல் பால். அதைச் சொல்லாமல் இருப்பது நாகரிகம். ஆனால் அருமையாக இருந்தது.

நாள் குறித்துவிட்டுத் திரும்பினோம். அவர் மனைவியும் உறவுக்காரர்களும் முன்னால் ஒரு காரில். பின்காரில் நானும் அவரும் டிரைவரும். கிருஷ்ணகிரி மேம்பாலம் தாண்டும்வரை அவர் ஜன்னல் வழியாக கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் குடிச்சிட்டேன் சார்" என்றார்.

"சோயாதானே."

"வாயில வெக்கற வரைக்கும் எனக்கு அது தெரியாதுல்ல."

மகளுக்காகத்தானே என்று சொல்லலாம். அது அவருக்கே தெரியும். மகளுக்காக மட்டும்தானா, கை நீட்டிய யார் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பாரா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இத்தனை வருடங்களாக அவர் பாலைக் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய உறுதியல்ல, பக்கத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான் என்று அன்றைக்கு அவருக்குப் பட்டிருக்கும். இந்தச் சந்தேகத்தோடு ஒரு மனிதர் எப்படித் தூங்குவது?

சூளகிரிக்கு முன்னால் டிரைவர் டீக்கடையில் நிறுத்தினார். லாரிக்காரர்கள் கூட்டம். டீ மாஸ்டர் எங்களிடம் கேட்காமலேயே மூன்று கிளாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு போனார். டிரைவர் ஒன்றை எடுத்தார். நான் ஒன்றை எடுத்தேன். பழக்கதோஷத்தில் என் இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் காத்திருந்தது.

"எனக்கு வேண்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. "நான் பால் டீ குடிக்கறதில்ல."

யார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்தான். காது சிவந்திருந்தது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்பதுபோல டீ மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றார் டீ மாஸ்டர். அந்தக் கிளாஸை எடுத்து, பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அவர் டீ மாஸ்டர் போன திசையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சுகரை நினைத்தாரோ, அவருடைய வருடங்களை நினைத்தாரோ, சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் என் டீயைக் குடித்து முடித்தேன். அன்றைக்கு ஒரு டீ எனக்குப் போதவில்லை.